பதின்மூன்று படிக்கு ஒரு வெல்டிங் மிஷின்

சேரன்மகாதேவி,
புரட்டாசி 26.

அன்புள்ள மாப்பிள்ளை கோமதிநாயகத்துக்கு, அத்தான் சொரிமுத்து எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா சண்முகசுந்தரியும், என் இடது புருவம் நீங்கலாக, முழு நலம். அங்கே ஓசூரில் நீயும் உன் மனைவி பாகீரதியும் மகள் ஸ்னேகா குடும்பமும், புருவங்கள் உட்பட, நலமாக இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவு போகிறது. கார் நெல் அறுவடை முடிந்துவிட்டது. மற்றபடி ஊரில் யாரும் புதிதாகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

வைகாசியில் உங்கள் கோயில் கொடை விழாவுக்கு நாங்கள் வந்திருந்தபோது, பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து நீ ஒரு கேள்வி கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், கண்டக்டர் வேலைய விட்டதுல இருந்து கை சும்மா இருக்க மாட்டேங்கு. ஸ்னேகா வீட்டு கார்ஷெட்டு காலியாத்தான் கெடக்கு. அங்கன ஒரு பட்டறை மாதிரி போட்டு, பாகீரதிக்கு ஒரு இரும்பு ஊஞ்சல் செஞ்சு குடுக்கலாம்னு பாக்கேன். எந்த வெல்டிங் மிஷின வாங்கலாம்?" என்றாய். முப்பத்துமூன்று வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவன் நான். எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. ஆனால் நீ அதோடு நிறுத்தாமல், "நீங்க வாத்தியாருல்லா, ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாய். அந்த வார்த்தைக்குப் பிறகு தெரியாது என்று சொன்ன வாத்தியாரை நான் பார்த்ததில்லை. வாயில் இருந்த அவியலை விழுங்கிவிட்டு, "எழுதி அனுப்புதேன்" என்றேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. தயாரிப்பு இல்லாமல் நான் எந்தப் பாடமும் நடத்தியதில்லை என்பதால் தாமதம். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் நான் போனை எடுத்து இரண்டு நிமிடத்துக்குள் உன் அக்கா அதை வாங்கி, பாகீரதியிடம் கொத்தமல்லி விலை கேட்க ஆரம்பித்துவிடுவாள். ஆகவே கடிதம்.

உன் கேள்வி ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் எங்கள் வீட்டு மாடிப்படி. உனக்குத் தெரியும், வீட்டின் முன்பக்கம் வெளியே இருக்கிறது, பதின்மூன்று படி, ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெறும் ஆகாயம். வீடு கட்டியபோது கைப்பிடி அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றோம். பத்தொன்பது வருடமாக அது அடுத்த மாதமாகவே இருக்கிறது. உன் அக்கா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாடிக்குப் போவாள். மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்கு விளக்கேற்ற இறங்குவாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். தை மாதத்திலிருந்து அது நின்றுவிட்டது. படியடியில் வந்து நிற்பாள், சுவரில் ஒரு கையை வைத்து அண்ணாந்து மேலே பார்ப்பாள், அப்புறம் பேசாமல் அடுக்களைக்குத் திரும்பிவிடுவாள். மாடியிலிருந்து நானே இதை நாலைந்து தடவை கண்டேன். அறுபத்திரண்டு வயதில் முட்டு வலியை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்று புரிந்துகொண்டேன். நானும் கேட்கவில்லை. கேட்டால், "எனக்கு என்ன கேடு" என்பாள், உனக்குத் தெரியாதா உன் அக்காவை. சத்தமில்லாமல் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்துவிட்டால், அவளும் சத்தமில்லாமல் ஏறிக்கொள்வாள் என்று நினைத்தேன். மெயின் ரோட்டு வெல்டரிடம் சொன்னேன். "நாளைக்குக் காலையில வந்து அளவு எடுத்திருதேன் அண்ணாச்சி" என்றார். நான்கு மாதமாக அவருக்கு நாளைக்குக் காலை விடியவில்லை. அப்போதுதான் உன் கேள்வி வந்து சேர்ந்தது. நானே ஒரு மிஷின் வாங்கி, கைப்பிடியையும் செய்துவிட்டு, அனுபவத்தோடு உனக்கும் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இணையத்தில் பதினோரு மிஷின்களைப் பார்த்து, ஒரு முழுத்தாளில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, ரேங்க் பட்டியல் தயாரித்தேன். ஆம்பியர், வோல்ட், எடை, உத்தரவாதம், தோற்றம் என்று ஐந்து பாடம். பழக்க தோஷத்தில் ஒழுக்கம் என்று ஆறாவது ஒரு பத்தியும் போட்டுவிட்டு அப்புறம் அடித்தேன். ஆம்பியர் கூடக் கூட மதிப்பெண் கூடுதல். வோல்ட்டும் அப்படியே. நம் வீட்டுக்கு வருவது இருநூற்று முப்பது வோல்ட், இந்த மிஷினில் நானூற்றுப் பதினைந்து என்று போட்டிருக்கிறதே, கொடுக்கிறதைவிடக் கூடுதலாக உழைக்கிற பிள்ளை போலிருக்கிறது என்று முழு மதிப்பெண் கொடுத்தேன். நானூறு ஆம்பியர் மிஷின் ஒன்று தொண்ணூற்றிரண்டு எடுத்து முதல் ரேங்க். இருநூறு ஆம்பியரில் ஒரு குட்டி மிஷின் நாற்பத்தொன்று எடுத்துத் தட்டுத் தடுமாறித் தேறியது. ஆடித் தள்ளுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ரேங்கை வரவழைத்தேன். இதில் எங்கே தப்பு நடந்தது என்று உனக்கு இப்போது தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஆடி நாலாம் தேதி பார்சல் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து முன்கூடத்தில் வைத்தார்கள். நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்தேன். "எங்க குனியுதிய?" என்றாள் உன் அக்கா. பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். "ஆடியில புதுச்சாமானப் பிரிக்கவா? அதுவும் நெருப்புப் பிடிக்கிற சாமான. நல்லாருக்கே கதை." ஆடியில் வாங்கலாமா என்றால் வாங்கலாமாம், அதற்குத்தானே தள்ளுபடி போடுகிறான், பிரிக்கத்தான் கூடாதாம். மாப்பிள்ளை, இந்த ஒரு விஷயத்தை நீ கவனிக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க நம்மை வாங்கச் சொல்லி விளம்பரம் செய்கிறார்கள். அதே ஒரு மாதம் நாம் வாங்கியதைத் தொடாமல் வைத்திருக்கிறோம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பப் பத்து நாள் தவணை என்று பெட்டி மேலேயே ஒட்டியிருந்தது. பத்து நாளும் நான் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்தேன். உன் அக்கா அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டு, மடிக்காத துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வந்தால் அதன் மேல்தான் உட்காருவாள். ஆவணி பிறந்து, முதல் முகூர்த்த நாளில், எலுமிச்சம்பழம் வெட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிப் பிரித்தோம். மிஷின் நல்ல ஆரஞ்சு நிறம். பின்னாலிருந்து ஒரு தடித்த வயர் வந்தது. அதன் நுனியில் பிளக் இல்லை. பிளக் இருக்க வேண்டிய இடத்தில் நாலு வயர் நாலு நிறத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. நம் வீட்டுச் சுவரில் எந்த ஓட்டையிலும் நாலு நாக்குக்கு இடமில்லை.

பேட்டையில் பாத்து என்று என் பழைய மாணவி ஒருத்தி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாள். புருஷன் சவூதியில், தம்மாமில் இருக்கிறார், கடை முழுக்க இவள் பொறுப்பு. நாற்பத்தைந்து வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, விரலில் பேனா. மிஷினைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "சார், வாங்க, இரிங்க" என்று ஸ்டூலைப் போட்டாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன வேலைக்கு சார்?" மாடிப்படிக் கைப்பிடிக்கு என்றேன். "குழாய் எத்தன மில்லி கனம்?" நல்ல கனம் என்றேன். "நல்ல கனம்னா ஒன்றரை மில்லியா மூணு மில்லியா?" நான் ஸ்டூலைச் சரிசெய்துகொண்டேன். "சரி, வீட்டுல சிங்கிள் பேஸா, திரீ பேஸா?" பெரிய வீடுதான் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சார், பத்தாங்கிளாஸ்ல பருவக்காத்துக் கேள்விக்குத் திசைய மாத்தி எழுதிட்டேன்னு எனக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டிய. ஞாபகம் இருக்கா?" இல்லை என்றேன், இருந்தது. "நீங்க இப்ப முப்பத்தெட்டுக்கே தேற மாட்டிய போலுக்கே சார். இது ரைஸ்மில்லு, பெரிய பட்டறைக்கு உள்ள மிஷின். மூணு பேஸ் கரண்டு வேணும். ஒங்க வீட்டுக் கரண்டுக்கு இது கண்ணே முழிக்காது." திருப்பி அனுப்பலாமே என்று கேட்டாள். ஆடி என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்க மாமியாரும் ஒங்க ஆடி மாதிரி ஸஃபர் மாசத்துல ஒண்ணும் வாங்க விடாது சார். ஆனா வந்த பெட்டியப் பிரிச்சுப் பாத்திருவோம்" என்றாள்.

அந்த முதல் ரேங்கை பேட்டையிலேயே ஒரு லேத் பட்டறைக்குத் தள்ளிவிட அவளே ஏற்பாடு செய்தாள். அதற்குப் பதிலாக எதை எடுத்துக் கொடுத்தாள் என்று நினைக்கிறாய்? என் பட்டியலில் நாற்பத்தொன்று எடுத்த அதே குட்டி. இருநூறு ஆம்பியர், சிங்கிள் பேஸ், இன்வெர்ட்டர் வகை. ஒரு கையில் தூக்கலாம். பழைய காலத்து மிஷின் உள்ளே செம்புச் சுருள் வைத்து அம்மிக்கல் மாதிரி கனக்கும். இது ரேஷன் அரிசிப் பை கனம்தான். ஏன் இது போதும் என்று அவள் எனக்குச் சொன்னதை நான் உனக்கு என் பாணியில் சொல்கிறேன். ஆம்பியர் என்பது தோசைக்கல்லின் சூடு. பெரிய அடுப்பு வாங்கினால் நல்ல தோசை வரும் என்று நினைப்பது என் புத்தி. மாவு எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துச் சூட்டை வைப்பது பாத்துவின் புத்தி. கைப்பிடிக்கோ ஊஞ்சலுக்கோ நாம் வாங்குகிற சதுரக் குழாய் ஒன்றரை, இரண்டு மில்லி கனம். அதற்கு, உருகி ஒட்டவைக்கிற ராடு இரண்டரை மில்லியில் போட்டு எழுபது எண்பது ஆம்பியர் வைத்தால் தாராளம். அப்புறம் மிஷின் மேல் அறுபது சதவீதம் என்று ஒன்று போட்டிருக்கும். அறுபதா, முதல் வகுப்பாச்சே என்று நான் சந்தோஷப்பட்டேன். அது மார்க் இல்லையாம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை செய்தால் நாலு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அர்த்தமாம். பாபநாசம் போன பஸ்ஸை அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டுத்தானே நீயும் விசில் கொடுப்பாய். அதே கணக்கு. நான் பார்த்தவரை, தன் ஓய்வு நேரத்தை நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்த ஒரே ஊழியர் இந்த மிஷின்தான்.

வோல்டேஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ ஓசூரில் இதைப் பார்க்க வேண்டியிருக்கும். கன்னடியன் கால்வாயில் தலைமடைக்காரன் வயலில் தண்ணீர் ததும்பும், கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கரண்டும் அப்படித்தான். எங்கள் வீடு தெருவின் கடைசி கம்பம், அதாவது கடைமடை. பாத்து ஒரு வோல்ட் மீட்டரை இரவல் கொடுத்தாள். ஒரு வாரம் மணிக்கொரு தடவை அளந்து தாளில் குறித்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை நன்றாக இருக்கிறது, ஆறரைக்கு எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டதும் விழுந்துவிடுகிறது. ஆகவே ஐந்திலிருந்து ஆறு என்று என் நேர அட்டவணையை வகுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை. வயர் சுண்டுவிரல் கனம் இருக்க வேண்டும், தனி பவர் பிளக் வேண்டும், "மிக்ஸி சொருகுற பிளக்குல சொருகிராதீங்க சார்" என்று பாத்து இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் சொருகியிருப்பேன்.

முதல் நாள் முகமூடியைப் பிடித்துக்கொண்டு ராடை வைத்து உரசுகிறேன், உரசுகிறேன், ஒரு பொறி வரவில்லை. அரை மணி நேரம். ஈரமாக இருக்கும் என்று ராடுகளை எல்லாம் சுளகில் பரப்பி, உன் அக்காவின் சுண்டவத்தலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்தேன். மறுநாளும் வரவில்லை. பாத்துவுக்குப் போன் போட்டேன். "சார், ஒரு வயரு ராடு பிடிக்கிறதுக்கு. இன்னொரு வயரு, நுனியில கிளிப்பு இருக்குமே, அது எங்கன இருக்கு?" அது பத்திரமாகப் பைக்குள் இருக்கிறது என்றேன். "அத எடுத்து இரும்புல மாட்டுங்க சார்" என்று பைய சொன்னாள். மாப்பிள்ளை, போன பஸ் திரும்பி டெப்போவுக்கு வந்தால்தான் மறு நடை எடுக்க முடியும். கரண்டும் போன வழி சுற்றித் திரும்பி மிஷினுக்கு வர வேண்டும். அந்தக் கிளிப்தான் திரும்பி வருகிற பாதை. மாட்டினேன், வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது. நான் இரண்டு அடி பின்னால் போய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னால் தாள் போதாது. வெளிச்சம் அக்கம்பக்கத்துக் கண்ணில் படக் கூடாது என்று ஒரு பழைய சேலையை எடுத்துத் திரை கட்டினேன், பொறி பட்டு அது மாவு சலிக்கிற அரிப்பு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போன பிறகுதான் தெரிந்தது அது பழைய சேலை இல்லை, நீ பொங்கல்படிச் சீராக வைத்துக் கொடுத்த சேலை, அவள் இன்னும் மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தது, இப்போது தகரத்தால் மறைப்புக் கட்டியிருக்கிறேன், நீயும் தகரமே கட்டு. அடுத்த வாரம் பேச்சித்தாய் சுவர் மேல் தலையைக் காட்டினாள். "அண்ணாச்சி, நீங்க என்னத்தையோ பத்த வைக்கும்போதெல்லாம் எங்க வீட்டு டிவி அணைஞ்சு அணைஞ்சு வருது. சீரியல்ல அந்த மாமியாக்காரி வாயத் தொறந்தா படம் போயிருது. ஒரு வாரமா அவ நல்லவளா கெட்டவளான்னு தெரியாமக் கெடக்கேன்." நான் சீரியல் பார்ப்பதில்லை என்பதால் என்னால் உதவ முடியவில்லை. உள்ளேயிருந்து உன் அக்கா, "கெட்டவதான் மைனி, கவலப்படாதிய" என்றாள். ஆம்பியரைக் குறைத்து வைக்கும்படி பாத்து சொன்னதை மீறி, குட்டி மிஷின்தானே, கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஊக்கமாகச் செய்யும் என்று நூற்றைம்பதில் வைத்தேன். குழாயில் பொத்தல் விழுந்தது. பொத்தலை அடைக்கப் போனேன், பொத்தல் பெரிதானது. ஒரு அடிக் குழாயில் பதினேழு பொத்தல், புல்லாங்குழலுக்குக்கூட அத்தனை கிடையாது. பற்று, அதாவது இரும்பு உருகி ஒட்டுகிற இடம், சரியாக விழுந்ததா என்று முகமூடியைத் தூக்கிக் குனிந்து, மேலே இருந்த கசடைச் சுத்தியலால் தட்டினேன், அது சூட்டோடு தெறித்தது. புருவம் போனது அப்போதுதான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்ட வேண்டும், இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்.

இப்படியாகப் பதினைந்து நாளில் ஒரு கைப்பிடி உருவானது. காலையில் படியில் பொருத்தினேன், தூரத்தில் நின்று பார்த்தேன், கண் கலங்கியது. மேல் பூச்சாகக் கொஞ்சம் பெயிண்டும் அடித்தேன். உன் அக்காவைக் கூப்பிட வாயெடுத்தவன், எதற்கும் ஒரு சோதனை என்று ஐந்தாம் படியில் நின்று அதன் மேல் சாய்ந்தேன். நான் சாய்ந்தேன், கைப்பிடியும் என்னோடு சாய்ந்தது. இருவரும் சேர்ந்து கீழே செம்பருத்திச் செடியில் இறங்கினோம். எனக்கு ஒன்றும் இல்லை, செடிக்குத்தான் பலமான அடி. ஆனால் மாப்பிள்ளை, செடிக்குள் கிடந்தபடி நான் அந்தக் கம்பியின் நுனியைப் பார்த்தேன். பற்று வெளியே பார்க்க வரிசை வரிசையாக அழகாக இருக்கிறது, உள்ளே பிடிக்கவே இல்லை. கூடையில் வைத்த பூ மாதிரி மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதில் முதலில் சாய்ந்தது நானாக இல்லாமல், முட்டு வலியோடு அவளாக இருந்திருந்தால்? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

மறுநாள் கம்பியை எல்லாம் தூக்கிக்கொண்டு பாத்து கடைக்குப் போனேன். உடைந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. கடை வாசலிலேயே ஒரு மிஷினை வெளியே எடுத்துப் போட்டு, துண்டுக் கம்பிகளைக் கொடுத்து, "நூறு பற்று போடுங்க சார். ஒவ்வொண்ணையும் சுத்தியல வச்சு ஒடைங்க. ஒடையாத பற்று என்னைக்கு வருதோ அன்னைக்கு வீட்டுக்குப் போங்க" என்றாள். நான் பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்தவன். அவள் கொடுத்ததை எழுதினேன். வருகிற போகிற ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அதில் ஒருவன்கூட வணக்கம் சொல்ல மறக்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள். எழுபத்திரண்டாவது பற்று உடையவில்லை. அவளே சுத்தியலை வாங்கி ஓங்கி அடித்தாள், அப்போதும் உடையவில்லை. "இப்ப தேறிட்டிய" என்றாள். எத்தனை மார்க் என்று கேட்டேன். "நாப்பது" என்றாள்.

சென்ற வாரம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து பொருத்திவிட்டேன். நானும் பேச்சித்தாயின் மகன்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. உன் அக்காவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடியைத் தொட்டாள். ஒவ்வொரு படியாக ஐந்து படி ஏறினாள். நின்றாள். குனிந்து ஒரு பற்றைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று இறங்கிவிட்டாள். எனக்கு அந்த ஐந்து படி போதும் மாப்பிள்ளை. மிச்ச எட்டையும் அவள் சௌகரியம்போல ஏறிக்கொள்வாள்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். சிங்கிள் பேஸ், இருநூறு ஆம்பியர், இன்வெர்ட்டர் மிஷின் வாங்கு. கடையில் போய், ராடு பற்றவைத்துக் காட்டச் சொல்லி வாங்கு. ஆடியில் வாங்காதே, வாங்கினால் பிரி. பாகீரதியின் ஊஞ்சல் நல்லபடியாக அமைய ஆற்றங்கரை அம்மன் துணை இருக்கட்டும். ஸ்னேகாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. உன் இரண்டு புருவமும் நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
சொரிமுத்து.

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து எடுக்கப் போனேன். வருவதற்குள் உன் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை முழுவதும் படித்து முடித்திருந்தாள். "முட்டு வலின்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?" என்றாள். யாரும் சொல்லவில்லை, படியடியில் வந்து வந்து நின்றாயே என்றேன். "மேல நீங்க இருக்கியளான்னு பாப்பேன். இருந்தா திரும்பிருவேன்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். "பொங்கலுக்கு அப்புறந்தான நீங்க நாற்காலியத் தூக்கிட்டு மேல வர ஆரம்பிச்சிய. வந்து சும்மா இருக்கியளா? மலை எப்படி உண்டாச்சுன்னு சொல்லுதிய. காத்து ஏன் அடிக்குன்னு சொல்லுதிய. எனக்குக் காத்து அடிச்சாப் போதும், ஏன் அடிக்குன்னு தெரிய வேண்டாம்." ஆவணியில் இருந்து, நான் பின்னால் கொட்டகையில் முகமூடிக்குள் இருக்கிற நேரம் பார்த்து, தினமும் ஐந்து மணிக்கு மாடிக்குப் போய் வருகிறாளாம். பதின்மூன்று படியையும் பத்தொன்பது வருடமாக எப்படி ஏறினாளோ அப்படியே ஏறுகிறாளாம். செம்பருத்தியில் நான் விழுந்த விவரத்தை இந்தக் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள், அதற்கு மட்டும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி சேலை காயப்போட வசதியாக இருக்கிறதாம். மிஷினை விற்றுவிடவா என்று கேட்டதற்கு, "விக்காதிய, நாளைக்கு ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு செய்யுங்க. அஞ்சுல இருந்து ஆறுக்குள்ள செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, நான் மேலே ஆம்பியர், வோல்ட் என்று எழுதிய அத்தனையையும் அப்படியே வைத்துவிட்டு, இதைப் படித்து முடித்த கையோடு அடுக்களைக்குப் போய், பாகீரதிக்கு ஊஞ்சல் வேண்டுமா என்று அவளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்.